86 சென்டிமீட்டர்

1986 இல் நான் முதன்முதலாகப் பார்க்கப் போனபோது எவரெஸ்ட்டின் உயரம் 8,848 மீட்டர். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த கணக்கு 8,848.86. இடைப்பட்ட காலத்தில் அந்த மலைக்குக் கூடுதலாகக் கிடைத்தது 86 சென்டிமீட்டர். அதுவும் மலை வளர்ந்ததால் அல்ல, அளப்பவர்களின் கருவி வளர்ந்ததால். அதே காலத்தில் பம்பாய் திலக் நகரில் நான் குடியிருந்த கட்டடம் மூன்று மாடியிலிருந்து இருபத்திரண்டு மாடி ஆகிவிட்டது. இரண்டில் எது இமயமலை என்று எனக்குச் சில சமயம் சந்தேகம் வருவதுண்டு.

திலக் நகர் என்றால் இன்றைக்கு வெளியூர்க்காரர்களுக்கு லோக்மான்ய திலக் டெர்மினஸில் இறங்கி ரிக்‌ஷாக்காரரோடு சண்டை பிடிக்கும் இடம். அன்றைக்கு அது ஹவுசிங் போர்டு கட்டிய காலனி. மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறாது. விடியற்காலையில் கீழ்க்குழாயில் பிடித்து, இரண்டு கையிலும் பக்கெட்டோடு படியேற வேண்டும். எனக்கு வேலை செம்பூரிலேயே ஒரு ரசாயனத் தொழிற்சாலையில். ராத்திரி காற்று திசை மாறினால் அம்மோனியா வாடை சாத்திய ஜன்னலையும் தாண்டி உள்ளே வரும். ஒரு பக்கம் மாஹுல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், இன்னொரு பக்கம் தேவ்னார் குப்பைமேடு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009 இல் நாட்டின் தொழிற்பகுதிகளை மாசுவாரியாக வரிசைப்படுத்தியபோது செம்பூரும் அதில் இடம்பிடித்தது. அது எங்கள் மூக்குக்கு எப்போதோ தெரிந்த செய்தி. கீழ்வீட்டு மராத்தி நண்பன் இதை ஒரு தகுதியாகவே எடுத்துக்கொண்டான். “ஆக்ஸிஜன் கம்மியா இருக்கிற இடத்துல எப்படி இருக்கிறதுன்னு மத்தவங்க பயிற்சி எடுக்கணும். நமக்குத் தேவையில்லை” என்றான். அவன்தான் என்னை இமயமலைக்குக் கிளப்பிவிட்டவன்.

மராத்தி இளைஞர்களுக்கு மலை ஒரு வியாதி. மழைக்காலம் வந்தால் சனிக்கிழமை ராத்திரியே கர்ஜத் லோக்கலிலும் கசாரா லோக்கலிலும் மூட்டையோடு ஏறிவிடுவார்கள். சிவாஜி கட்டியதோ பிடித்ததோ, ஏதாவது ஒரு கோட்டைமேல் ஏறி ஈரச்சட்டையோடு சப்பாத்தி தின்றுவிட்டு ஞாயிறு ராத்திரி திரும்புவார்கள். நானும் அவனோடு சுற்றியிருக்கிறேன். மகாராஷ்டிரத்தின் உச்சியான கல்சுபாய் 1,646 மீட்டரில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஆசை வந்தால் மாநிலம் தாண்ட வேண்டியதுதான்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும், “ஏல, மல ஏறணும்னா பொதிகைக்குப் போயேன். அகத்தியரையாவது பாத்துட்டு வரலாம்” என்றாள். நெல்லைக்காரிக்கு அதுதான் மலை. ஆனால் மகன் போவது உறுதி என்று தெரிந்ததும் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் என்று மூட்டை கட்டினாள். எல்லாவற்றுக்கும் மேல் மூன்று லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்றையும் வைத்தாள். ‘குளிரில் பருப்பு வேகாது’ என்பது அவள் கண்டுபிடிப்பு. காரணம் தவறு, முடிவு சரி. குளிர் அல்ல விஷயம், காற்றழுத்தம். 4,400 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு பருப்பாகவே இருக்கும்.

எங்கள் பில்டிங்கின் வாட்ச்மேன் அப்போது ஒரு நேபாளி. மேற்கு நேபாளத்தில் அச்சாம் பக்கம். அவரிடம் வழி கேட்கப் போனோம். கோரக்பூரில் இறங்கி சுனவுலி எல்லைக்கு எந்த பஸ், எல்லையில் யாரிடம் பணம் மாற்றக்கூடாது என்பதெல்லாம் துல்லியமாகச் சொன்னார். எவரெஸ்ட்டைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டதற்கு, காட்மாண்டுவையே பார்த்ததில்லை என்றார். ஊரிலிருந்து அவருக்குத் தெரிந்த ஒரே பாதை பம்பாய்க்கு வரும் பாதைதான். “அங்கே போய் என்ன செய்வீங்க, சாப்?” என்று கேட்டார். “நடப்போம்” என்றோம். “எதுக்கு?” என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் தயார் செய்யவில்லை.

அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்கள் லுக்லாவுக்கு விமானத்தில் போவதில்லை. காட்மாண்டுவிலிருந்து ஜிரிக்கு நாள்பூராவும் பஸ். சுவிட்சர்லாந்து உதவியோடு போட்ட சாலை அப்போதுதான் முடிந்திருந்தது. ஜிரியோடு சாலை நின்றுவிடும்; அங்கிருந்து கால்தான். நாம்சே பஜார் போய்ச்சேர ஒரு வாரத்துக்கு மேலாகும். அதற்குள் லாம்ஜூரா கணவாயின் 3,530 மீட்டருக்கு ஏறி, ஏறியதையெல்லாம் இறங்கி, மறுபடி ஏறி, எங்களுக்குள் பேச்சுவார்த்தை முறிந்து, மறுபடி கூடிவிட்டிருந்தது. அதையும் புகாராகச் சொல்ல முடியாது. 1953 இல் ஹிலாரியும் டென்சிங்கும் போன குழு, முன்னூற்றைம்பதுக்கு மேற்பட்ட சுமைகாரர்களோடு காட்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்தே நடந்திருக்கிறது. லுக்லா விமான ஓடுபாதை வந்ததே 1964 இல், ஹிலாரியின் முயற்சியால். பொதபொதவென்றிருந்த மண்ணைக் கெட்டிப்படுத்த வழியில்லாமல், ஊர்க்காரர்களுக்குச் ‘சாங்’ என்னும் கள்ளை ஊற்றிக்கொடுத்து, வரிசையாக நின்று கால் உதைத்து ஆடச் சொன்னார்களாம். அப்படிக் கெட்டித்த ஓடுபாதையில்தான் முதல் விமானங்கள் இறங்கின. தார் போட்டது 2001 இல்.

இரண்டாவது பயணம் போன வருஷம், 2025 ஏப்ரலில், மகளோடு. இதற்கிடையில் பில்டிங் இடிக்கப்பட்டு நாங்கள் பதினேழாவது மாடிக்குக் குடியேறியாயிற்று. இடிப்பதற்கு முன் பாந்த்ராவிலிருந்து ஓர் இளைஞர் கேமராவோடு வந்திருந்தார். பொதுப் படிக்கட்டு, வராந்தாவில் காயும் அப்பளம், கதவு சாத்தாத வீடுகள் எல்லாவற்றையும் படம் பிடித்தார். “இந்த வாழ்க்கை இனி வராதே ஆன்ட்டி” என்று நிஜமாகவே கண்கலங்கினார். என் மனைவி அவர் கையில் ஒரு காலிப் பக்கெட்டைக் கொடுத்து, “கீழே போய் ரொப்பிக்கிட்டு மூணு மாடி ஏறி வாங்க தம்பி, அப்புறம் பேசலாம்” என்றாள். தம்பி போனவர் வரவில்லை. பக்கெட் மட்டும் கீழே இருந்தது.

பயிற்சி இப்போது வேறு விதம். லிஃப்ட் வந்த பிறகு என் கால்களுக்கு வேலை போய்விட்டதால், சேடா நகர் திருச்செம்பூர் முருகன் கோவிலின் 108 படிகளைத் தேர்ந்தெடுத்தேன். இட்லி அரிசி ஐந்து கிலோவை முதுகுப்பையில் கட்டிக்கொண்டு தினமும் காலையில் ஏறி இறங்கினேன். நாலைந்து நாள் கவனித்துவிட்டு, படியோரம் பூத்தொடுக்கும் ஒரு மாமி, “என்ன பிரார்த்தனை சார், அரிசி மூட்டையோட?” என்று கேட்டார். விவரம் சொன்னேன். “ஹிமவான் ஆருன்னு நெனச்சேள்? நம்ம முருகனுக்கு அம்மாத் தாத்தா. தாத்தாவாத்துக்குப் போறேள், பயமென்ன” என்றார். இதய மருத்துவர் அவ்வளவு சுலபமாக விடவில்லை. டிரெட்மில்லில் ஓடவிட்டு, கொழுப்பைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றி, மாத்திரைகள் எழுதி, கடைசியில் “எனக்கும் போகணும்னு ஆசைதான்” என்று ரகசியமாகச் சொன்னார்.

முதல் பயணத்தில் எங்கள் உடுப்பு, குளிர்காலத்தில் பம்பாய் நடைபாதையில் திபெத்தியர்கள் விற்ற ஸ்வெட்டர். இமயமலையைத் தாண்டி இறங்கி வந்தவர்களிடம் வாங்கியதைப் போட்டுக்கொண்டு நாங்கள் இமயமலைக்கு ஏறினோம். இப்போது என் மகள் வைத்திருந்த பட்டியலில் சட்டைக்கே மூன்று அடுக்கு. ஒவ்வோர் அடுக்குக்கும் தனிக் கடை. தலையில் கட்டும் விளக்கு, தண்ணீர் உறிஞ்சும் குழாய், காலுறைக்கு உள்ளே இன்னொரு காலுறை. நான் ஹெலிகாப்டர் காப்பீடு எடுத்ததைக் கேட்டு மைத்துனர், “ஏறப் போறீங்களா, இறங்கப் போறீங்களா?” என்றார். கேலிக்குக் காரணம் உண்டு. லேசான தலைவலிக்கெல்லாம் மலையேறிகளை ஹெலிகாப்டரில் ஏற்றிக் காப்பீட்டுப் பணம் கறக்கும் வியாபாரம் பெருகி, 2018 இல் நேபாள அரசே விசாரணை நடத்த வேண்டியிருந்தது.

காட்மாண்டு விமான நிலையத்தில் ஒரு நீண்ட வரிசை நின்றது. எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயசுப் பையன்கள். கத்தாருக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள், கழுத்தில் காதா துணி, நெற்றியில் பெரிய டீகா. எங்கள் பழைய வாட்ச்மேன் ஞாபகம் வந்தார். இன்றைக்கு எங்கள் சொசைட்டியில் ஏஜென்சி அனுப்பும் வாட்ச்மேன்கள் பீகார்க்காரர்கள். நேபாளப் பையன்கள் திலக் நகரைத் தாண்டிப் பறந்துபோகிறார்கள்.

லுக்லா விமானம் சீசன் நாட்களில் காட்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை, அங்கே நெரிசல். நள்ளிரவில் ஜீப்பில் ஏற்றி ராமேச்சாப் மாவட்டத்து மந்தலிக்குக் கொண்டுபோகிறார்கள். மலைப்பாதையில் எல்லாரையும் வாந்தி எடுக்கவைத்து, விடியலில் பொட்டலம்போல ஒரு சின்ன விமானத்தில் அடைக்கிறார்கள். லுக்லா ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர், பன்னிரண்டு சதவீதத்துக்கு நெருங்கிய ஏற்றம், முடியும் இடத்தில் மலைச்சுவர். விமானம் இறங்கி நின்றதும் எல்லாரும் கைதட்டினார்கள். 1986 இல் ஒரு வாரத்துக்கு மேல் நடந்து பெற்ற உயரத்தை இருபது நிமிஷத்தில் கையில் கொடுத்துவிட்டார்கள். முழங்கால் மகிழ்ந்தது. மனசு, எதையோ இலவசமாக வாங்கிக்கொண்டதுபோல் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சுமை தூக்குகிறவர்களை எல்லாம் நாம் ஷெர்பா என்றே சொல்லிவிடுகிறோம். லுக்லாவுக்கு மேலே சுமப்பவர்களில் பெரும்பாலோர் கீழ்மலைகளிலிருந்து வரும் ராய்களும் தமாங்குகளும். நெற்றிப்பட்டையில் தொங்கும் டோகோ கூடை, அதை இறக்காமலே தாங்கி நிற்கக் கையில் குட்டைக் கட்டை. ஷெர்பாக்களில் பலர் இன்று லாட்ஜ் முதலாளிகள், மலைவழிகாட்டிகள். பிள்ளைகள் காட்மாண்டுவில் படிக்கிறார்கள், இல்லாவிட்டால் நியூயார்க்கின் குவீன்ஸில் இருக்கிறார்கள். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள லாட்ஜை வாடகைக்கு விட்டுவிட்டு அமெரிக்கா போன தம்பதி பற்றி வழியில் கேள்விப்பட்டபோது, மாட்டுங்காவில் இதே கதை வீட்டுக்கு வீடு கேட்கலாமே என்று தோன்றியது.

நாம்சே, 3,440 மீட்டர். 1986 இல் சனிக்கிழமைச் சந்தைக்காகக் கீழேயிருந்து அரிசி சுமந்து வருவார்கள், மேலேயிருந்து திபெத்தியர்கள் உப்பும் கம்பளமும் கொண்டுவருவார்கள். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீட்டில், ஒரே நீளப் பலகைமேல் வரிசையாகப் படுத்தோம். நடுவில் அடுப்பு, புகை போக வழியில்லை. உருளைக்கிழங்கை வேகவைத்துத் தோலோடு கொட்டி, உப்பும் மிளகாயும் வைப்பார்கள், அதுதான் மெனு. இன்று நாம்சேயில் பேக்கரி, பார், மருந்துக்கடை, அசலும் போலியுமாக மலை உடுப்புக் கடைகள். மெனு புத்தகத்தில் பீட்சாவிலிருந்து பனீர் வரை. வைஃபை அட்டை வாங்கினால் சொசைட்டி வாட்ஸ்ஆப் குழுவில் தண்ணீர் டேங்க் கழுவும் தேதி வந்து நிற்கிறது. வெந்நீர்க் குளியல், போன் சார்ஜ், குடிக்கும் தண்ணீர் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. உயரம் ஏற ஏற விலையும் ஏறும். நியாயம்தான். கேஸ் சிலிண்டர் தானாக நடந்து வருவதில்லை.

லாட்ஜ்காரம்மா என்னைவிடப் பத்து வயசாவது சின்னவர். எல்லாரும் தீதி என்று கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். நல்ல இந்தி. சாப்பாட்டுக்குப் பின் என் பழைய பெருமையை அவிழ்த்தேன். “அப்போல்லாம் இங்கே குட்டி ஜன்னல் வெச்ச கல் வீடு, நடுவுல அடுப்பு, எல்லாரும் சுத்தி உட்கார்ந்து பேசுவோம். என்ன ஒரு அழகு! இப்ப கண்ணாடியும் தகரமுமாப் போச்சே தீதி.”

பொறுமையாகக் கேட்டார். “பம்பாய்ல எப்படி வீடு உங்களுக்கு?”

“பதினேழாவது மாடி.”

“ஆரம்பத்திலேர்ந்தே அதுதானா?”

“இல்லை, முன்னாடி மூணு மாடிக் கட்டடம். இடிச்சுட்டுப் புதுசாக் கட்டினாங்க.”

“அது அழகா இருந்ததா?”

“எங்க? கூரை ஒழுகும், சுவரெல்லாம் ஓதம், தண்ணி ஏறாது. இடிச்சது நல்லதாப் போச்சு.”

தீதி சிரிக்கவில்லை. “அந்த அடுப்புப் புகையிலதான் எங்கம்மா இருமி இருமிப் போனாங்க” என்றார். “இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தட்டுமா?” மேஜைக்கு அடியில் என் மகள் என் காலை மிதித்தாள், இரண்டடுக்குக் காலுறை போட்டிருந்தும் வலித்தது.

அதற்குப் பிறகு நான் ‘அந்தக் காலத்தில்’ என்று வாயைத் திறந்தபோதெல்லாம் அவள், “பக்கெட், அப்பா, பக்கெட்” என்றாள்.

ஆனாலும் தெங்போச்சேயில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 3,867 மீட்டரில், அமா தப்லம் சிகரத்தை எதிரே வைத்துக்கொண்டு நிற்கும் மடாலயம். 1934 நிலநடுக்கத்தில் இடிந்து மறுபடி எழுந்தது. 1986 இல் நான் பார்த்தபோது உள்ளே வெளிச்சம் வெண்ணெய் விளக்குகளிலிருந்து மட்டும்தான். கண் பழகிய பிறகுதான் புத்தர் முகமே தெரிந்தது. இரண்டு வருஷத்தில் சின்ன நீர்மின் திட்டம் ஒன்று வந்து மடாலயத்துக்கு மின்சாரம் கிடைத்தது. அடுத்து, 1989 ஜனவரியில், மின்கசிவில் தீப்பிடித்து எல்லாம் எரிந்துபோனது. அத்தனை காலம் வெண்ணெய்த் திரியால் ஆகாத காரியம். திரும்பக் கட்டி 1993 இல் திறந்தார்கள், மின்விளக்கோடுதான். இருட்டில் இருக்க யாருக்கும் கடமையில்லை என்று நானே என் மகளுக்குச் சொன்னேன். அவள் பக்கெட் என்று சொல்வதற்கு முன்னால்.

தண்ணீரின் கணக்கு அங்கே தனி. முதல் பயணத்தில் நாம்சேக்குக் கீழே ஆற்றோரமெல்லாம் கிழித்துப்போட்டாற்போல் கிடந்தது. 1985 ஆகஸ்டில் திக் சோ என்ற பனிப்பாறை ஏரிக்குள் ஒரு பனிச்சரிவு விழுந்து, கரை உடைந்து, கட்டி முடியும் தறுவாயில் இருந்த நீர்மின் நிலையத்தையும் பாலங்களையும் வாரிக்கொண்டு போயிருந்தது. மரக்கட்டைகளைப் போட்டுக் கட்டிய தற்காலிகப் பாலங்களில் ஒவ்வொருவராகத் தாண்டினோம். இந்த முறை எங்கள் வழிகாட்டி தாமே கிராமத்துக்காரர். 2024 ஆகஸ்ட் 16 அன்று, அதே பள்ளத்தாக்கில் இன்னோர் ஏரி உடைந்து தாமேயின் வீடுகளையும் பள்ளிக்கூடத்தையும் சுகாதார நிலையத்தையும் கொண்டுபோனது. பகலில் வந்ததால் ஆட்கள் தப்பினார்கள். டென்சிங் வளர்ந்த ஊர். பலமுறை எவரெஸ்ட் ஏறிய அபா ஷெர்பாவின் ஊர். முப்பது தடவை எவரெஸ்ட் ஏறி, நாங்கள் திரும்பிய அடுத்த மாதம் முப்பத்தொன்றாவது தடவையும் ஏறிய காமி ரீதா ஷெர்பாவின் ஊர். உலகத்திலேயே எவரெஸ்ட்டை அதிகம் தெரிந்த கிராமத்துக்கு ஆபத்து வந்ததோ, பெயர்கூட வெளியே தெரியாத ஒரு குட்டையிலிருந்து. டிங்போச்சேக்கு மேலே இம்ஜா ஏரி 1950களில் ஏரியாகவே இருக்கவில்லை, பனிமேல் சில குட்டைகள்தான். அது வளர்ந்து மிரட்டத் தொடங்கி, 2016 இல் நேபாள ராணுவம் கால்வாய் வெட்டி நீர்மட்டத்தை மூன்று மீட்டருக்கு மேல் இறக்க வேண்டியிருந்தது. வழிகாட்டி இதையெல்லாம் நடந்துகொண்டே, மூச்சு வாங்காமல் சொன்னார். நான் நின்று நின்று கேட்டேன்.

டிங்போச்சேயில் எனக்கு ஒரு சொந்த வேலை இருந்தது. 1986 இல் அங்கே அம்மா கொடுத்த குக்கரில் பருப்பு வைத்தோம். மூன்றாவது விசிலுக்குள் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் வந்து எட்டிப்பார்த்தார்கள். எங்களை யாரும் மதிக்கவில்லை, குக்கரை மதித்தார்கள். ஊர் முழுக்கக் கடன் போய் வந்தது. கிளம்பும்போது அதைத் திரும்பக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. நாலு நாள் சாப்பாட்டுக்குக் காசு வாங்க அந்த வீட்டம்மாவுக்கும் மனசு வரவில்லை. பண்டமாற்று சுமுகமாக முடிந்தது. அம்மாவிடம் ‘தொலைந்துவிட்டது’ என்றேன். அவள் சாகும்வரை அந்த மராத்திப் பையன்தான் விற்றுவிட்டான் என்று நம்பினாள். இந்தமுறை ஒவ்வொரு லாட்ஜ் சமையலறையாக எட்டிப்பார்த்தேன். அடுப்புக்கு நான்கு குக்கர், எல்லாம் இந்தியச் சரக்கு. இதில் எங்களுடையது எது என்று எப்படிச் சொல்வது? என் மகள், “எல்லாத்தையும் கும்பிட்டுட்டு வாங்க” என்றாள்.

மேலே போகப் போகச் சாயங்காலங்கள் ஒரே விதமாயின. நடுவில் யாக் சாண வறட்டி எரியும் அடுப்பு, சுற்றிப் பத்து நாட்டுக்காரர்கள், ஒவ்வொருவர் விரலிலும் ஆக்ஸிமீட்டர். “எவ்வளவு?” “84.” “எனக்கு 79.” “போன தடவை 81 இருந்ததே!” எண்பத்தெட்டு எடுத்த ஓர் ஆஸ்திரேலியப் பெண்ணை எல்லாரும் கொஞ்சம் பொறாமையோடு பார்த்தோம். 1986 இல் என் நண்பனுக்கு லொபூச்சேயில் தலை பிளந்தது. ஃபெரிச்சேயில் 1973 முதல் இருக்கும் மருத்துவ நிலையத்துக்கு இறக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த மருத்துவர், “இறங்கியாச்சா? அதுதான் மருந்து” என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் படுத்துவிட்டு அவனே எழுந்து மறுபடி மேலே நடந்தான். செம்பூர்க் காற்றின் பயிற்சி என்று இன்றும் சாதிக்கிறான்.

அந்தப் பயணம் முடிந்து நாங்கள் திரும்பியபோது, ‘எவரெஸ்ட் ஏறின பையன்’ என்று அம்மா காலனி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அடிவாரம் வரைதான் என்று திருத்தினால், “அடிவாரமும் மலைதானல?” என்பாள். சென்னை பரங்கிமலையில் இருந்த சித்தப்பா இன்னும் ஒரு படி மேலே போனார். எவரெஸ்ட்டுக்கு அளவெடுக்கத் தொடங்கியதே தன் தெருவில்தான் என்றார். சும்மா சொல்லவில்லை. அளவையாளர் லாம்டன் 1802 இல் பரங்கிமலைப் பக்கம் போட்ட அடிக்கோட்டிலிருந்து கிளம்பிய நில அளவைதான் முக்கோணம் முக்கோணமாக வடக்கே போனது. 1808 இல் தஞ்சைப் பெரிய கோவில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அவர்களின் கருவி மோதிச் சேதமானது. கடைசியில் 1852 இல் ராதாநாத் சிக்தாரின் கணக்கில் பதினைந்தாம் எண் சிகரம் உலகத்தின் உச்சியாக வந்து விழுந்தது. நிஜமாகவே ஏறிய தமிழர்கள் பிறகு வந்தார்கள். 1997 மே 23 இல் மலேசியாவின் மகேந்திரனும் மோகனதாஸும் அந்நாட்டிலிருந்து முதலில் உச்சி தொட்டவர்கள். 2023 மே 23 இல் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி. பேப்பரில் அவர் படம் வந்த அன்று அம்மா இல்லை. இருந்திருந்தால், “நம்ம பையன் போட்ட பாதை” என்று சொல்லியிருப்பாள்.

கோரக் ஷெப்பைத் தாண்டி, கும்பு பனிப்பாறையின் ஓரமாக, அடிவார முகாம். 5,364 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். இத்தனை தூரம் வந்தவர்களுக்கு மலை செய்யும் மரியாதை, அங்கிருந்து எவரெஸ்ட் தெரியாது. பார்க்க வேண்டுமென்றால் காலா பத்தர் குன்றில் தனியாக ஏற வேண்டும். 1986 இல் இதை யாரும் எங்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அப்போது முகாம் எது என்றே தெரியவில்லை. உடைந்த கல், பனி, துருப்பிடித்த டின்கள். “இதுதான் போலிருக்கு” என்று ஓரிடத்தில் நின்று, 36 படம் பிடிக்கும் ரோலில் மிச்சமிருந்த இரண்டையும் எடுத்தோம். கழுவிப் பார்த்தால் ஒன்றில் என் நண்பனின் கட்டைவிரல்.

இப்போது சந்தேகத்துக்கு இடமில்லை. சிவப்புச் சாயத்தில் பெயரும் உயரமும் எழுதிய பாறை இருக்கிறது, அதனோடு படம் எடுக்க வரிசையும் இருக்கிறது. எங்களுக்கு முன்னால் சூரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், தேப்லா பொட்டலத்தோடு. ஏப்ரல் ஏறுபவர்களின் மாதம் என்பதால் அப்பால் கூடாரங்களின் மஞ்சள் நகரம். காபி இயந்திரம், படுக்கை, இணையம். தலைக்கு 11,000 டாலர் உரிமக் கட்டணம் கட்டியவர்கள், செப்டம்பரில் அது 15,000 ஆகிவிடும் என்பதால் மலிவாக முடித்துக்கொண்ட திருப்தியில் இருந்தார்கள். ஐஸ்ஃபால் என்னும் பனியருவிக்கு மேலே ஏணிகளும் கயிறும் ட்ரோனில் போயின, குப்பை ட்ரோனில் வந்தது. 2014 ஏப்ரலில் அந்தப் பனியருவியில் சுமை கொண்டுபோன 16 பேர் ஒரே பனிச்சரிவில் இறந்ததை நினைத்தால், ட்ரோன் வந்ததில் என்னால் குறை காண முடியவில்லை. பனிப்பாறை மட்டும் இளைத்திருந்தது. முகாமையே கீழே மாற்றலாமா என்று 2022 இல் பேச்சு வந்து, அப்படியே நிற்கிறது. ஓரங்களில் பனி உருகி வடியும் சத்தம் நாங்கள் நின்ற நேரம் முழுக்கக் கேட்டது.

என் நண்பன் இப்போது தானேயில் மகன் வீட்டில், இரண்டு முழங்காலும் மாற்றி உட்கார்ந்திருக்கிறான். பாறை முன்னால் நின்று வீடியோ கால் போட்டேன். எங்கள் டவரின் லிஃப்டில் வராத சிக்னல் அங்கே பளிச்சென்று வந்தது. திரையில் அவன் முகத்தைவிட மூக்கு பெரிதாகத் தெரிந்தது.

“பனி எங்கேடா? நாம வந்தப்ப இந்தப் பக்கம் பூரா இருந்ததே?”

“இறங்கிடுச்சு.”

“சரி, முட்டி புதுசு, ஆனா டாக்டர் ஏறக்கூடாதுங்கிறான். லிஃப்ட் போட்டுட்டாங்களான்னு அந்த ஆளைக் கேளு.”

கேட்டேன். வழிகாட்டி அதைப் பகடியாக எடுத்துக்கொள்ளவில்லை. “லிஃப்ட் இல்லை. ஹெலிகாப்டர் இருக்கு. தனியா எடுத்தா ரொம்பச் செலவு. அஞ்சு பேர் சேர்ந்தா ஷேரிங்ல போகலாம்” என்றார்.

“அஞ்சு பேரா?” தானேயிலிருந்து குரல் உற்சாகமானது. “அப்ப குர்லா ஸ்டேஷன் ஷேர் ரிக்‌ஷாதான். கேளு, டிரைவர் பக்கத்துல ஒருத்தர் உட்காரலாமா?”

உட்காரலாம், பைலட்டுக்குப் பக்கத்தில் ஒரு சீட் உண்டு என்றார் வழிகாட்டி.

“அது எனக்கு” என்றான். “இப்பவே சொல்லி வெச்சுடு.”